ஆவுடைத்தாய் மதினிக்காகக் கீறிய வீடு

கரிசல் மண் சும்மா கிடக்காது. மழை பெய்தால் ஊதிப் பெருக்கும், வெயில் அடித்தால் சுருங்கிப் பிளக்கும், அதன் மேல் வீடு கட்டிக் குடியிருக்கிறவர்களும் அதோடு சேர்ந்துதான் பெருத்தும் பிளந்தும் வாழ்ந்தாக வேண்டும். ஊருக்கெல்லாம் வீடு கட்டித் தருகிற கொத்தனார்களும் சித்தாட்களும் சென்ட்ரிங் வேலைக்காரர்களும் குடியிருக்கிற எங்கள் தெருவில், ஒவ்வொரு சித்திரையிலும் சுவர்கள் வாயைத் திறக்கும், ஒவ்வொரு ஐப்பசிக்கு முன்னாலும் அந்த வாயைப் பூசி மூடுவார்கள், அதை யாரும் ஒரு பேச்சாகக்கூட எடுப்பதில்லை.

எங்கள் வீடு மட்டும் கீறாமல் நின்றது.

அதைக் கட்டியவர் என் வீட்டுக்காரர் சீனிராசு கொத்தனார். கரிமண் தீர்ந்து சுக்கான் பாறை தட்டுகிற வரைக்கும் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டி, ஆற்றுமணல் நிரப்பி, கீழே ஒரு பீம் மேலே ஒரு பீம் ஓட்டி, பெட்டி செய்கிற மாதிரிக் கட்டினார் என்று சொல்வார்கள். அவர் கட்டினார், அவருடைய அக்கா ஆவுடைத்தாய் சுமந்தாள். அப்பா அம்மா இல்லாத தம்பியைச் சித்தாள் வேலை பார்த்தே வளர்த்தவள் அவள். அந்த வீட்டின் ஒவ்வொரு செங்கலும் அவள் சும்மாட்டின் மேல் ஏறி இறங்கியதுதான். எங்கள் வீடு மட்டும் என்ன, தெருவில் பாதி வீட்டுக்கு அவள்தான் செங்கல் சுமந்தாள். புதிதாக வீடு கட்ட நினைக்கிறவர்கள் எங்கிருந்தெல்லாமோ வந்து எங்கள் சுவரில் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்ப்பார்கள், பிறகு ஒன்றும் கேட்காமல் என் வீட்டுக்காரரிடம் வேலையை ஒப்படைப்பார்கள். அந்தச் சுவர்தான் அவருக்குப் பெயர், அந்தச் சுவர்தான் அவருக்குச் சோறு.

நான் அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தபோது எனக்கு வாயே கிடையாது. ஏழாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவள், நாலு பேர் இருக்கிற இடத்தில் தண்ணி வேண்டும் என்று கேட்கக்கூடக் கூச்சப்படுவேன். ஆவுடைத்தாய் மதினிதான் எனக்கும் சேர்த்துப் பேசினாள். “ஏட்டி கோமு, உனக்குப் பசிச்சா என்னைப் பாரு, நான் கேக்குறேன்” என்பாள்.

அந்த மதினிக்கு மார்பில் கட்டி வந்தது. பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் அதை எடுத்து, மருந்து ஏற்றி, முடி கொட்டி, திரும்ப முளைத்து, இனி ஒன்றுமில்லை என்று எல்லோரும் மூச்சுவிட்ட பிறகு ஒரு நாள் முதுகு வலிக்கிறது என்றாள். இத்தனை வருஷம் செங்கல் சுமந்த முதுகு வலிக்காமல் என்ன செய்யும் என்று தைலம் தேய்த்தோம். தேய்க்கத் தேய்க்க வலி கீழே இறங்கியது, முதுகிலிருந்து இடுப்புக்கு, இடுப்பிலிருந்து வலது தொடைக்கு. மறுபடியும் படம் எடுத்துப் பார்த்தால், நோய் எலும்புக்குள் போய் உட்கார்ந்திருந்தது.

“இனிமே இதை முழுசா எடுக்க முடியாதுங்க” என்றார் அந்த டாக்டரம்மா. “ஆனா வலியைக் குறைக்கலாம். இருக்கிற வரைக்கும் உக்காந்து சாப்பிட, தூங்க, நாலு பேர்கிட்ட சிரிச்சுப் பேச வைக்கலாம்.”

என் வீட்டுக்காரர் முதல் பேச்சோடு காதை மூடிக்கொண்டார். இரண்டாவது பேச்சு அவருக்குள் போகவே இல்லை. கையில் குழந்தையை வைத்துக்கொண்டு கதவோரம் நின்ற எனக்குள்தான் அது போனது. வலி குறையட்டும் என்று தொடைக்குக் கரண்டு, அந்தக் கதிர் வைத்தியம், வைத்து அனுப்பினார்கள். எலும்பு முட்டை ஓடு மாதிரி இருக்கிறது, அதன் மேல் பாரம் ஏற்றக் கூடாது, பிள்ளையைக்கூடத் தூக்கக் கூடாது என்று சொல்லியனுப்பினார்கள்.

மதினி அழுதது அதற்குத்தான். எங்கள் தெருவில் பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் அவள்தான் குளிப்பாட்டுகிறவள். வேலைக்குப் போகுமுன் விடியக் கருக்கலில் வந்து, மணையில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டி, பிள்ளையைத் தொடை மேலும் கெண்டைக்கால் மேலும் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, மூக்கை நீவி, பாசிப்பயறு மாவு போட்டு, வெந்நீரை அவள் ஊற்றுகிற ஊற்றில் பிள்ளைகள் அழுதுகொண்டே தூங்கிப்போகும். தெருவையே குளிப்பாட்டிய அந்தக் கால்களில் அவள் தம்பி மகள், என் மகள் மட்டும் படுக்கவில்லை. நான் பிள்ளை பெற்றபோது அவள் முதுகுவலியில் எழ முடியாமல் கிடந்தாள். அதனால் பக்கத்து வீட்டுப் பிச்சம்மாக்காதான் வந்து குளிப்பாட்டினாள். மதினி உள்ளே கட்டிலில் கிடந்தபடி தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பாள், கேட்டுவிட்டு, “காதுக்குப் பின்னாடி தேய்க்கல அவ” என்பாள்.

“படுத்துக்கிட்டே எல்லாந் தெரியுதோ உனக்கு?” என்று பிச்சம்மாக்கா முற்றத்திலிருந்து கத்துவாள்.

“தண்ணி சொல்லுதுட்டி.”

புரட்டாசியில் ஒரு நாள் காலையில், கட்டில் துணியை மாற்றுவதற்காக நான் அவளை ஒருக்களித்துப் பிடித்திருந்தேன். வலி தாங்காமல் அவள் உள்ளங்கையைச் சுவரில் அழுத்தினாள். காய்ந்த சுள்ளி ஒடிகிற மாதிரி ‘டக்’ என்று ஒரு சத்தம். தொடைதான் போய்விட்டது என்று எனக்கு உயிரே நின்றுவிட்டது. அவள் காலைப் பார்த்தேன், கால் இருந்தபடியே இருந்தது. சுவரைப் பார்த்தேன். அவள் கை வைத்த இடத்திலிருந்து ஜன்னல் மூலை வரைக்கும் ஒரு கீறல் ஓடியிருந்தது.

மதினி மெதுவாக மல்லாந்து படுத்தாள். “ஏட்டி, கொஞ்சம் காப்பி போடுதியா?” என்றாள். காப்பியைக் குடித்துவிட்டு மத்தியானம் வரைக்கும் வாய் திறந்து தூங்கினாள்.

அன்றிலிருந்து அது அப்படியே நடந்தது. அவளுக்கு இடுப்பில் குத்து எடுத்தால் சமையல்கட்டுச் சுவர் கீறும், அவள் மூச்சு விடுவாள். முதுகில் எடுத்தால் தலைவாசல் பக்கம் கீறும், அவள் எழுந்து சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி கேட்பாள். தொடைக்கு மட்டும் எப்போதும் அவள் கட்டிலை ஒட்டிய சுவர்தான்.

தெருவுக்கு முதலில் கொஞ்சம் சந்தோஷம்தான். எங்கள் வீட்டை ஒட்டிச் சுவர் வைத்திருக்கிற அரியமுத்து அண்ணாச்சி, பிச்சம்மாக்காவின் வீட்டுக்காரர், கொத்தனார் சங்கத் தலைவர், வாயில் வெற்றிலையோடு வந்து பார்த்துவிட்டு, “கரிசல் யாரடே விட்டுச்சு?” என்றார். பிறகு கீறலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சிமெண்டு வைத்து ஒட்டினார். கண்ணாடி உடையாமல் இருந்தால் கீறல் செத்துவிட்டது, பூசிவிடலாம். உடைந்தால் கீறலுக்கு உயிர் இருக்கிறது, அதன் மேல் கரண்டி வைக்கக் கூடாது. இது எங்கள் தெருவில் சாந்துச் சட்டி தூக்குகிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவர் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே மதினி முகம் சுளித்தாள், கண்ணாடி இரண்டாகத் தெறித்தது, மதினி முகம் தெளிந்து, “என்ன அண்ணாச்சி, வெத்தலையை என் வீட்டுக்குள்ள துப்பிராதீங்க” என்றாள்.

அண்ணாச்சி வெற்றிலையை விழுங்கிவிட்டார்.

அதன் பிறகு தெரு அதைப் பழகிக்கொண்டது. காலையில் வேலைக்குப் போகிறவர்கள் எங்கள் வாசலில் சைக்கிளை மெதுவாக்கி, மதினி எப்படி என்று என்னைக் கேட்காமல் சுவரைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். புதுக்கீறல் இல்லையென்றால், “நேத்து மாத்திரை நல்லா பிடிச்சிருக்கு” என்றார்கள், பெரிய கீறலாக இருந்தால் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டுப் போனார்கள், பெண்கள் சிலபேர் கீறலின் ஓரத்தில் மஞ்சளைத் தொட்டு வைத்தார்கள். முட்டிவலிக்காரி ஒருத்தி வடக்குத் தெருவிலிருந்து வந்து, யாருக்கும் தெரியாமல் எங்கள் சுவரில் முட்டியை வைத்து வைத்துத் தேய்த்தாள். சுவர் அசையவில்லை. பிச்சம்மாக்கா அதைப் பார்த்துவிட்டாள்.

“ஏளா, அவ சுமந்த செங்கல்லு, அவளைச் சுமக்குது. நீ இந்த வீட்டுக்கு எத்தனை நடை சுமந்த?”

“கேட்டுத்தான் பாப்பமேன்னு வந்தேன்.”

“வந்தது வந்த, முத்தத்தைப் பெருக்கிட்டுப் போ.”

வாரத்துக்கு ஒரு தடவை ஸ்கூட்டியில் வருகிற நர்ஸம்மா ஸ்டெல்லா சிஸ்டர், வலி மாத்திரை கொடுத்து, புண் வராமல் முதுகைத் துடைத்து, வயிறு இறுகாமலிருக்க மருந்து கொடுத்துப் போகிறவர். அவரும் சுவரைப் பார்த்தார். பார்த்துவிட்டு, “சுவரு வாங்குதேன்னு மாத்திரையை நிறுத்திராதீங்க. சுவரு பாதி வாங்கட்டும், மாத்திரை பாதி வாங்கட்டும்” என்றார். அவ்வளவுதான்.

பழகாதவர் ஒருத்தர்தான், என் வீட்டுக்காரர். வீடு பார்க்க வந்த ஒரு குடும்பம் வாசலோடு நின்று, கீறல்களை அண்ணாந்து பார்த்து, “சொந்த வீட்டையே…” என்று பாதியில் நிறுத்தி, செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் போனது. பேசி வைத்திருந்த இன்னொரு வேலையும் கை மாறியது. அவர் மதினியின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சுவரையே பார்க்க ஆரம்பித்தார். அக்கா வலியில்லாமல் தூங்குகிற நேரத்திலும், அவருக்குத் தெரிந்ததெல்லாம் கீறல்தான்.

கீறல் ஒன்று மேலே ஏறி, மேல்கூரைத் தட்டைத் தாங்குகிற பீமைத் தொட்டது. கிழக்கே மேகம் கட்ட ஆரம்பித்திருந்தது.

அரியமுத்து அண்ணாச்சி சங்கத்து ஆட்களோடு வந்து நின்றார். “ராசு, அடைமழை இறங்குச்சுன்னா கரிமண்ணு பொங்கும். இந்த பீம் தாங்காது. உள்ள பச்சப்புள்ள கிடக்கு. உன் வீடு விழுந்தா என் சுவத்தையும் இழுத்துக்கிட்டுத்தான் விழும். ஒண்ணு பூசிக் கட்டு, இல்லைன்னா வீட்டைக் காலி பண்ணிட்டு அக்காவை ஆஸ்பத்திரியில கொண்டு போய்ச் சேரு.”

ஆஸ்பத்திரிக்குப் போகிற ரோடு எப்படிப்பட்டது என்று எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஓர் எலும்பு கொடுக்க வேண்டும்.

“பூசிருதேன் அண்ணாச்சி” என்றார் என் வீட்டுக்காரர்.

உயிருள்ள கீறல் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் கீறலைக் கண்டால் கொத்தனார் கை சும்மா இருக்காது, அதுவும் தன் வீட்டுக் கீறல், தன் பெயரில் விழுந்த கீறல். மறுநாளே இரண்டு ஆளைக் கூட்டிக்கொண்டு இறங்கினார். கீறலையெல்லாம் அகலக் கொத்தி, கோழிவலையை வைத்து அடித்து, சிமெண்டை அள்ளி அள்ளிப் போட்டுக் கலந்து, வீடு முழுக்கப் பூசி, மேலே சிமெண்டுப் பால் ஓட்டி இழைத்துத் தேய்த்தார். மதினி கட்டிலில் சாய்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “என் தம்பி பூசுனா ஈ வந்து உக்காந்தாலும் வழுக்கிரும்” என்று எல்லோரிடமும் சொன்னாள். அவளுக்கும் அது பெருமைதான்.

அடுத்த நாள் வேலைக்குக் கிளம்பும்போது என்னிடம், “சுவரு காயவே கூடாது. காய விடாம தண்ணி விட்டுக்கிட்டே இரு” என்று சொல்லிவிட்டுப் போனார். பூசின சுவருக்குத் தண்ணி விடுவது எங்கள் வீடுகளில் பெண்கள் வேலை. தண்ணி குடிக்கக் குடிக்கத்தான் சிமெண்டு இறுகும். நான் குடத்தையும் செம்பையும் எடுத்துக்கொண்டு சமையல்கட்டிலிருந்து ஆரம்பித்தேன்.

உள்ளேயிருந்து மதினி, “இடுப்பு” என்றாள்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். நேற்றுவரைக்கும் உட்கார்ந்திருந்தவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். வலி கூடினால் கொடுக்கச் சொல்லி சிஸ்டர் வைத்துவிட்டுப் போன மாத்திரையைக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு வந்து, தலைவாசல் சுவருக்குத் தண்ணீர் விட்டேன். “ஐயோ, முதுகுட்டி” என்று ஒரு சத்தம். மாத்திரை பிடிக்க நேரமாகும் என்று நினைத்துக்கொண்டு, அவள் அறைக்குள் போய், கட்டிலை ஒட்டிய சுவரில் ஒரு செம்பு தண்ணீரை வீசினேன். புதுச் சிமெண்டு அதை உறிஞ்சுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அதே நேரத்தில் மதினி அலறினாள். அவள் அலறி நான் அதற்கு முன் கேட்டதில்லை. மார்பை அறுத்தபோதுகூட அலறாதவள், தொடையைப் பிடித்துக்கொண்டு, “வேண்டாம், வேண்டாம்” என்று அலறினாள்.

என் கையில் செம்பு இருந்தது. அடுத்த செம்பு ஊற்றினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஊற்றாவிட்டால் சாயங்காலம் என்ன ஆகும் என்றும் தெரியும். வெயில் ஏறினால் பூச்சு வெடித்துப் போகும், மழை வந்தால் பீம் போகும், வீட்டுக்காரர் வந்தால் அவர் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? போனில் கூப்பிட்டேன். சாரத்தில் நிற்கிறவர் எங்கே எடுப்பார்? தொட்டிலில் பிள்ளை அழ ஆரம்பித்தது. உள்ளே மதினிக்கு அழக்கூட மூச்சு இல்லை.

சாமான் சட்டியில் கிடந்த சுத்தியலையும் உளியையும் எடுத்துக்கொண்டு வந்து, அவள் தொடைக்கு நேரே, அவர் அவ்வளவு அழகாகப் பூசியிருந்த இடத்தில் வைத்து அடித்தேன்.

சத்தம் கேட்டுப் பிச்சம்மாக்கா ஓடி வந்தாள். “ஏ கிறுக்கச்சி! ராசு உன்னைக் கொன்னுபோடுவான்ட்டி!”

நான் மறுபடியும் ஓங்கி அடித்தேன். பூச்சு பாளம் பாளமாகக் கட்டிலில் விழுந்தது. கோழிவலையைப் பிடித்து இழுத்தேன், உள்ளங்கை கிழிந்தது. அடியில் பழைய கீறல், மூடின கண் மாதிரி இருந்தது, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திறந்துகொண்டது. மதினியின் மூச்சு ‘ஹா’ என்று வெளியே வந்தது.

பிச்சம்மாக்கா கொஞ்ச நேரம் அவளையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, “சமையக்கட்டுல எங்க கொத்தணும்? அந்தச் சுத்தியலைத் தா” என்றாள்.

சாயங்காலம் அவர் வந்தபோது வீடு முழுக்கப் பூச்சு உதிர்ந்து கிடந்தது. “யாரு கொத்துனது?”

“நான்தான்.” என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. “தண்ணி விட விட அது இறுகுச்சு. அது இறுக இறுக மதினிக்கு வலி. நான் இனிமே தண்ணி விட மாட்டேன்.”

அவர் கை ஓங்கவில்லை, கத்தவும் இல்லை. நேரே அறைக்குள் போனார். அங்கே மதினி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, தட்டை மடிப் பக்கத்தில் வைத்து, தன் கையால் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தலையெல்லாம் சிமெண்டுத் தூள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

“மேல விழுந்துருமேக்கா” என்றார்.

“விழாம பாத்துக்கிறதுதானடா உன் தொழிலு” என்றாள் மதினி. “ஊறுகாய் இருந்தா வையி கோமு.”

மறுநாள் ஸ்டெல்லா சிஸ்டர் வருகிற நாள். என் வீட்டுக்காரர் வேலைக்குப் போகாமல் அறை வாசலில் நின்றார். சிஸ்டர் ஒரு தலையணையை மடித்து மதினியின் முழங்காலுக்கு அடியில் கொடுத்தார், இன்னொன்றை இடுப்போரம் அணைத்தார், ஒரு துண்டைச் சுருட்டிக் கழுத்துக்கடியில் வைத்தார். ஒவ்வொன்றையும் வைத்துவிட்டு, “இப்ப எப்படி இருக்கு? இப்ப?” என்று கேட்டுக் கேட்டு, கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் ஏற்றி வைத்தார். மதினி உடம்பு அந்த முட்டுகளின் மேல் மெல்ல மெல்ல இறங்கிப் படிந்தது. என் வீட்டுக்காரர் கண் கொட்டாமல் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு வெளியே போனார். போனவர் தோளில் ஒரு சவுக்குக் கம்போடு வந்தார்.

தட்டுப் போடும்போது பலகைக்கு அடியில் கொடுக்கிற முட்டுக்கம்பு அது. பீமுக்கு அடியில் அதை நிறுத்தினார். திரும்பப் போய் இன்னொன்று கொண்டுவந்தார். மூன்றாவது நடைக்குத் தெரு புரிந்துகொண்டது. வேலைத்தலத்திலிருந்து இறக்கி வைத்திருந்த கம்புகளை ஆளாளுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், சென்ட்ரிங்காரர்கள் இரும்பு ஜாக்கிகளைக் கொண்டுவந்தார்கள், பெண்கள் ஆப்புக்கட்டைகளை மடியில் கட்டிக்கொண்டு வந்தார்கள்.

அரியமுத்து அண்ணாச்சி சண்டை போடத்தான் வந்தார். “பூசச் சொன்னா என்னடே செய்த?” என்று ஆரம்பித்தவர், ஒரு கம்பைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். “இது என்னடா முட்டு? சாஞ்சு நிக்கு. தூக்குக்குண்டு வச்சுப் பார்த்தியா? தள்ளு.” வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆப்பைத் தானே அடித்து இறுக்கினார். ஒன்றை இறுக்கியவருக்கு அடுத்ததையும் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

சாயங்காலத்துக்குள் எங்கள் வீடு சவுக்குத் தோப்பு ஆகிவிட்டது. தொட்டிலைக் கம்புகளுக்கு நடுவில் கட்டினேன், கம்புகளில் துணி காயப் போட்டேன், வருகிறவர்கள் நெற்றியில் முட்டிக்கொண்டு, “இந்த வீட்டுக்கு வந்தா குனிஞ்சுதான் வரணும்” என்று சிரித்தார்கள். கீறல்கள் தம் போக்கில் ஓடின. மதினி அந்தத் தோப்புக்குள் உட்கார்ந்து எல்லோருடனும் வம்பு பேசினாள்.

அப்படி ஒரு நாள் வம்பு பேசிக்கொண்டிருந்தவள், சிஸ்டர் இருக்கும்போது, எல்லோர் முன்னாலும் சொன்னாள்: “என் தம்பி மகளை நான் ஒரு தடவை குளிப்பாட்டணும்.”

என் வீட்டுக்காரர், “விளையாடாதக்கா” என்றார். பிள்ளை அப்போது குப்புற விழுந்து, தலையைத் தூக்கி, கையில் பிடித்தால் மீன் மாதிரித் துள்ளுகிற பருவம்.

சிஸ்டர் அவள் அருகில் உட்கார்ந்தார். “காலுக்கடியில தலையணை கொடுத்து, பாதிப் பாரத்தை நான் வாங்கிக்கிறேன். ஆனா எலும்பு என் பேச்சைக் கேக்காதும்மா. ஒடிஞ்சாலும் ஒடியும். தெரிஞ்சுதான கேக்குதீங்க?”

“தெரியும் சிஸ்டர். சும்மா படுத்துக்கிட்டு ஒடியுறதுக்கு, பிள்ளையக் குளிப்பாட்டி ஒடியட்டும்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிள்ளை என்னுடையது. மேலே பீம், கீழே முட்டை ஓடு மாதிரி எலும்பு, இரண்டுக்கும் நடுவில் நான் என் பிள்ளையைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மதினிகூடக் கோபப்பட மாட்டாள். பசித்தால் என்னைப் பாரு, நான் கேக்குறேன் என்று சொன்னவள் இப்போது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வெந்நி போடுதேன்” என்றேன்.

தண்ணீர் கொதித்து, விளாவி முடிக்கும்போது மழை இறங்கிவிட்டது. தூறல் இல்லை, நேராக அடைமழை. கரிசல் மண் பொங்குகிற வாசம் வீட்டுக்குள் வந்தது. வேலைக்குப் போகாமல் திரும்பிய ஆண்கள், மழைக்கு ஒதுங்குகிற மாதிரி வந்து, ஆளுக்கொரு கம்பில் தோளைக் கொடுத்து நின்றார்கள். என் வீட்டுக்காரர் பீமுக்கு நேர் கீழே நின்றார். எதிர்க் கம்பில் அரியமுத்து அண்ணாச்சி.

மதினியைத் தூக்கி மணையில் உட்கார வைத்து, முதுகைச் சுவரோடு சாய்த்து, காலை நீட்டி, அடியில் தலையணையைக் கொடுத்தார் சிஸ்டர். நான் பிள்ளையின் உடுப்பைக் கழற்றினேன். பிள்ளையை அந்தக் கால்களின் மேல் மெதுவாகக் கிடத்தினேன், ஆனால் என் கைகளை எடுக்க முடியவில்லை.

“விடுட்டி” என்றாள் மதினி.

விட்டேன்.

பாரம் இறங்கியதும் வீடு முழுக்க ஒரு சத்தம் ஓடியது, மாட்டு வண்டி பாரத்தோடு மேடேறுகிற சத்தம். அவள் முதுகுக்குப் பின்னால் சுவர் பிளந்து, அந்தப் பிளவு மேலே ஏறி, பீமில் பாய்ந்தது. கம்புகள் முனகின. “பிடி, பிடி, ஆப்பைத் தட்டு!” என்று ஆண்கள் கத்தினார்கள். மதினி எதையும் கேட்கவில்லை. எண்ணெயைக் கையில் ஊற்றி, பிள்ளையின் நெஞ்சில் வைத்து, இரண்டு பக்கமும் வழித்தாள், கையை நீவினாள், காலை மடக்கி நீட்டினாள், மூக்கை இரண்டு விரலால் பிடித்து எடுத்தாள். பிள்ளை எட்டி உதைத்தது. அவள் தொடையில் உதை விழ விழ, பீமிலிருந்து காரை உதிர்ந்து வெந்நீருக்குள் விழுந்தது.

“தண்ணி ஊத்து கோமு. சூடு பத்தல, இன்னொரு செம்பு கலந்துக்க.”

நான் ஊற்றினேன். பீம் இனித் தாங்காது என்று எனக்கே தெரிந்தது. ஒரு கம்பு வில் மாதிரி வளைந்தது. என் வீட்டுக்காரர் கழுத்து நரம்பு புடைக்க அதை அணைத்துக்கொண்டார். மதினி பிள்ளையைக் குப்புறப் போட்டு முதுகுக்கு மாவு தேய்க்க ஆரம்பித்தாள், வலது தொடையில் முழுப் பாரமும் விழுந்தது, அவள் உதட்டைக் கடித்தாள், சிஸ்டர் என்னைப் பார்த்தார். எடுத்துவிடலாமா என்று நான் கையை நீட்டினேன்.

அப்போது ‘டக்’ என்றது.

சத்தம் அவள் காலில் இல்லை, எங்கள் வீட்டிலும் இல்லை, ஒட்டுச்சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது. மதினியின் உதடு பல்லிலிருந்து விடுபட்டது. வளைந்த கம்பு நிமிர்ந்தது.

அடுத்த வீட்டில் அடுப்படியில் இருந்த பிச்சம்மாக்கா மழையை மீறிக் கத்தினாள். “ஏங்க! இங்க வாங்க! நம்ம சுவத்துல கீறிருச்சு!”

எல்லோரும் அரியமுத்து அண்ணாச்சியைப் பார்த்தார்கள். அவர் கம்பிலிருந்து தோளை எடுக்காமல், மழைக்கு மேலே கேட்கிற மாதிரிச் சத்தம் போட்டார்.

“கீறுனா கீறட்டும்ட்டி! பிள்ளை குளிச்சு முடிக்கட்டும்!”

அந்தச் சத்தத்துக்குப் பிறகு தெருவில் ஒவ்வொரு வீடாக, மதினி சுமந்த செங்கல் இருக்கிற வீடெல்லாம், மழைக்குள் மெதுவாகக் கீறிக்கொண்டே போகிற சத்தம் கேட்டது. எந்த வீட்டிலிருந்தும் யாரும் கூப்பிடவில்லை.

மதினி அவசரப்படவில்லை. பிள்ளை உதைப்பதை நிறுத்தி, கண் சொருகி, அவள் காலின் மேலேயே தூங்கிவிட்டது. கடைசிச் செம்புத் தண்ணீரைத் தலை சுற்றி ஊற்றி, காதை மடக்கி, பின்னால் விரலை விட்டுத் தேய்த்து, அந்த விரலை, பதறிக்கொண்டு உள்ளே ஓடி வந்த பிச்சம்மாக்காவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“அழுக்கைப் பாரு. நான் சொன்னேன்ல?”

மழை விடுகிற வரைக்கும் யாரும் கம்பிலிருந்து தோளை எடுக்கவில்லை.